முதல் சிவப்பு

பச்சை என்றாள் ஸ்ரீவித்யா. சொன்ன கையோடு பாட்டிலைத் திறந்து மடமடவென்று தண்ணீர் குடித்தாள். குடிக்கத்தான் செய்வாள், பொய் சொன்னால் தொண்டை வறண்டுவிடும், எனக்குத் தெரியாதா, இந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் பழைய ஆபீசில், ஏசி ஒழுகும் அந்தச் சின்ன அறையில் இருந்தே இப்படிச் சொல்லிவிட்டு இப்படிக் குடித்தவர்களைப் பார்த்துக்கொண்டுதானே வருகிறேன். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டம். மேஜையின் தலைமாட்டில் எங்களுக்கெல்லாம் மேலே இருக்கும் வரதராஜன். ப்ராஜெக்ட் மேனேஜர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலையின் நிறத்தைச் சொல்ல வேண்டும், ஒழுங்காகப் போனால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், சொன்ன தேதிக்கு முடியாது என்றால் சிவப்பு. படித்துப் பட்டம் வாங்கி ஊர் ஊராகப் போய் வந்து கடைசியில் நான் செய்வது வாரத்துக்கு ஒரு தரம் ஒரு நிறம் சொல்வது. இந்த வாரம் நாங்கள் மூன்று பேர்தான் இந்த மேஜையில். கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் டயாலிசிஸ் சென்டர் நடத்தும் டாக்டர் வசுந்தராவுக்கு மூன்று பேரும் சேர்ந்து ஒரே சாஃப்ட்வேர் செய்கிறோம். நோயாளிகளின் பழைய விவரங்களைப் புதியதற்குக் கொண்டுவருவது ஸ்ரீவித்யா. பில் போடுவது நந்தகோபால். யார் எந்த நாளில் எந்தப் படுக்கையில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று முறை போடுவது நான், அமலோற்பவ மேரி, எல்லோருக்கும் அமலா. நாளை மறுநாள் ஞாயிறு, பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை ஓட்டப்போகிறோம். அடுத்து நந்தகோபால் பேசுவான். அதற்கு அடுத்து நான்.

ஸ்ரீவித்யா முடிக்கவில்லை. நேற்று மாலை பெண்கள் கழிவறையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனில் யாரிடமோ "பாதி பேஷண்டுக்கு ரத்த வகையே வரலை, என்னத்தைச் சொல்றது" என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் உள்ளே இருந்தேன், அவள் போகும்வரை வெளியே வரவில்லை. நந்தகோபாலும் முடிக்கவில்லை. அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவனிடமும் இவனுடைய பில் முழுப் பணத்தையும் கேட்கிறது, இவனுடைய டீம் பையன்கள் கேன்டீனில் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். நான் முடிக்கவில்லை என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். ஆகவே மூன்று பேர் வயிற்றிலும் சிவப்பு, மூன்று பேர் வாயிலும் பச்சை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத கணக்கு. எவர் முதலில் சிவப்பு என்கிறாரோ அவருக்காகத் தேதி தள்ளிப்போகும். தேதி தள்ளிப்போனால் மற்ற இருவருக்கும் சும்மாவே அவகாசம் கிடைத்துவிடும். அந்த அவகாசத்தில் அவர்கள் தங்கள் குப்பையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, நாங்கள் எப்போதோ தயார், இவளுக்காகத்தான் காத்திருந்தோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். திட்டெல்லாம் முதல் சிவப்புக்கு மட்டும். அதனால் எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், எவள் உடைவாள், எவன் உடைவான் என்று. ஸ்ரீவித்யா உடைவாள் என்று எண்ணியிருந்தேன். அவளுக்கு லேசாக அழுகை வரும். வரவில்லை, பாவி, பச்சை என்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள்.

நந்தகோபால் லேப்டாப்பைத் திரையோடு இணைக்கிறான். இணைக்கத் தெரியாதவன் மாதிரி நேரம் கடத்துகிறான். விரலில் பவள மோதிரம், செவ்வாய்க்காகவோ எதற்காகவோ, அதை மேஜையில் தட்டிக்கொண்டே இருப்பான், டக் டக் டக், அந்தச் சத்தம் என் பல் ஈறுவரை வருகிறது. அவனுக்குப் பின்னால் சுவரில் எச்.ஆர். ஒட்டிய போஸ்டர். சிறந்த ப்ராஜெக்ட் மேனேஜருக்கு வேண்டிய திறன்கள் என்று தலைப்பு, கீழே வரிசையாகத் தலைமைப் பண்பு, தெளிவாகப் பேசுதல், காலத்தைத் திட்டமிடுதல், சிக்கலைத் தீர்த்தல், பிறர் நிலையில் நின்று பார்த்தல். அதற்கும் கீழே கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் நான்கு பேர் கையோடு கை தட்டிச் சிரிக்கிறார்கள், எதை முடித்தார்களோ. வருஷா வருஷம் புதிதாக மேனேஜர் ஆகிறவர்களுக்கு இதே தலைப்புகளில் வகுப்பெடுப்பதும் நான்தான், குறிப்பெடுத்துக்கொண்டு போகிறார்கள். உண்மையில் என்ன வேண்டும் என்று அந்த வகுப்பில் நான் சொன்னதில்லை. டீம்காரன் "முடிஞ்ச மாதிரிதான் மேம்" என்றால் இன்னும் தொடவில்லை என்று பொருள் எடுக்கத் தெரிய வேண்டும். "சின்ன இஷ்யூதான்" என்றால் அடி வயிறு கலங்கத் தெரிய வேண்டும், கலங்கியது முகத்தில் தெரியாமல் இருக்கத் தெரிய வேண்டும். சனிக்கிழமையும் வா என்று சொல்வதற்கு முன்னால் சமோசா வாங்கித்தரத் தெரிய வேண்டும். மெயிலில் "நாம் பேசியபடி" என்று ஆரம்பித்தால் எதிராளிக்கு வேர்க்கும், அதை எப்போது போடுவது, எவரைப் பார்க்கவைத்துப் போடுவது என்று தெரிய வேண்டும். மற்றபடி சிரிக்கத் தெரிந்தால் போதும். எனக்குச் சிரிப்பு வராது. அமலா மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்பார்கள். ஸ்ட்ரிக்ட் இல்லை, எனக்கு இவர்களில் ஒருத்தரையும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஷகிலாவையும் பிடிக்கவில்லை. இந்த நிமிஷம் அவளைத்தான் முதலில் பிடிக்கவில்லை. என் டீமில் டெஸ்டிங் பார்க்கிறவள், சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போக மாட்டாள், எதையாவது நோண்டுவாள். நேற்று மதியம் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று. "மேம், வாரத்துக்கு நடுவுல மாசம் மாறுச்சுன்னா மூணாவது தடவை காணாமப் போயிடுது மேம்." எந்த மூணாவது தடவை? "டயாலிசிஸ் மேம். வாரத்துக்கு மூணு தடவை வர்றவங்களுக்கு ரெண்டு தடவைதான் காட்டுது. அடுத்த வாரம் புதன்கிழமையோட மாசம் முடியுது மேம், அதான் போட்டுப் பாத்தேன்." அதான் போட்டுப் பார்த்தாளாம். ஏன் பார்த்தாய்? எவர் பார்க்கச் சொன்னது? ஓட்டின பிறகு திங்கட்கிழமை கண்டுபிடித்திருந்தால் அதற்குப் பெயரே வேறு, ஓட்டின பிறகு வரும் சில்லறைக் கோளாறு, அதற்குத் தனி ஆள், தனி நேரம், ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வியாழக்கிழமை மதியம் கண்டுபிடித்ததால் அது என் தலையில். அப்படி எண்ணினேன் என்பது உண்மை. அவளிடம் "குட் கேட்ச்" என்றேன். சரிசெய்ய எவ்வளவு நாள் ஆகும் என்று டீமில் கேட்டதற்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், முறை போடுகிற அடிப்படையிலேயே தப்பு மேம், ரெண்டு வாரமாவது வேணும். வெள்ளிக்கிழமை வர வேண்டியவர், சனிக்கிழமை வர வேண்டியவர், அத்தனை பேரும் அடுத்த வாரம் வந்து நிற்பார்கள், பெயர் இருக்காது, பெயர் இல்லாத படுக்கையைக் காத்திருப்பவர் எவருக்காவது சாஃப்ட்வேர் தானாகவே கொடுத்திருக்கும். அந்தத் தானாகவே கொடுக்கும் வசதிக்குத்தான் டாக்டரம்மா எங்களைத் தேர்ந்தெடுத்தார்.

நேற்று மாலையே வரதராஜனிடம் போனேன், அதுவும் ஒரு வழக்கம், சிவப்பு சொல்வதானால் முந்தின நாளே தனியாகப் போய்ச் சொல்லிவிட வேண்டும், கூட்டத்தில் திடீரென்று சொல்லி அவர் முகத்தைக் கறுக்கவைக்கக் கூடாது. மேஜை டிராயரில் முறுக்கு வைத்திருப்பார். ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார், கறுக் முறுக் என்று, நான் நோயாளி என்று சொல்லும்போது ஒரு கறுக், ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லும்போது ஒரு முறுக். "அமலா, சிவப்புங்கிறது பெரிய வார்த்தை. அதை ஏன் நீங்க சொல்றீங்க? மஞ்சள்னு சொல்லுங்க. அதுலயும் பச்சைக்குப் பக்கத்துல இருக்கிற மஞ்சள்." பச்சைக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள். எலுமிச்சம்பழத்தைச் சொல்கிறாரா? "மத்த ரெண்டு பேரும் எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டுப் பேசுங்க, ஏன் அவசரப்படறீங்க" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது, மூன்று பேரும் சிவப்பு என்று. அவரும் காத்துக்கொண்டிருக்கிறார், எவர் தலை உருளும் என்று, உருண்ட தலையை எடுத்துக்கொண்டு மேலே போவார். முறுக்கை நீட்டினார், எடுத்துக்கொண்டேன், எடுக்காமல் வந்திருக்கலாம்.

டக் டக் டக். திரையில் நந்தகோபாலின் பக்கம் வந்துவிட்டது, கட்டம் கட்டமாக எல்லாம் பச்சை, வயலுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஏசிக் காற்று நேராக என் பிடரியில் இறங்குகிறது, இந்த நாற்காலிதான் எப்போதும் எனக்கு வாய்க்கும், மற்றவர்கள் முன்கூட்டியே வந்து நல்ல இடமாகப் பிடித்துக்கொள்வார்கள். குளிர் குளிர் என்று எண்ணும்போது அந்த சென்டர் ஞாபகம் வருகிறது, வராமல் இருந்தால் நன்றாக இருக்கும். வேலை ஆரம்பிக்கும் முன்னால் எப்படி நடக்கிறது என்று பார்த்து வர தாராபுரம் சென்டருக்கு அனுப்பினார்கள். அங்கேயும் இப்படித்தான் ஏசி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள், கையிலிருந்து இரண்டு குழாய், ஒன்றில் போகிறது, ஒன்றில் வருகிறது, நான் ரத்தத்தைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்தேன். மாரப்பன் என்று ஒருவர், காங்கேயம் பக்கம், முதல் பஸ்ஸில் வருகிறவர். குழாய் போட்ட கையை அசைக்காமல் மறுகையால் என்னைக் கூப்பிட்டார். "கம்பீட்டர் மாத்தறீங்களாமுங்க. நம்ம நாளு மாறிடாதுங்களே?" மாறாதுங்க என்றேன். "தண்ணிய அளந்துதான் குடிக்கிறனுங்க. வெள்ளிக்கிழம வந்து ஒடம்புல சேந்த தண்ணிய எடுத்துட்டுப் போனாத்தான் சனி ஞாயிறு தாட்டலாம்." மாறாதுங்க என்று இன்னொரு தரம் சொன்னேன், நகர்ந்து போக வேண்டும் எனக்கு. டாக்டர் வசுந்தரா வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே, ஒரு தடவ விட்டா மூச்சு வாங்குமுங்க, ரெண்டு தடவ விட்டா ஆம்புலன்ஸுங்க என்றார், சாதாரணமாக, பஸ் நேரம் சொல்வதுபோல. பிறர் நிலையில் நின்று பார்த்தல். எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, என்னிடம் ஏன் கேட்டார், நர்ஸிடம் கேட்டிருக்கலாமே. இப்போதும் அதே எரிச்சல். போய் நின்று பெயர் இல்லை என்றால் சண்டை போடுகிற ஆள் இல்லை அவர், சரிங்க என்று திரும்பி பஸ் ஏறிவிடுவார். சண்டை போடத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். எனக்கு ஏன் இப்படிப்பட்ட ஆளாகப் பார்த்து மாட்ட வேண்டும்.

மஞ்சள் என்று சொல்லிவிட்டால் என்ன. மஞ்சள் என்றால் ஓட்டுவார்கள், ஓட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள், பார்த்துக்கொள்வதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். சிவப்பு என்றால் ஜெயசீலன். எங்கள் எல்லோர் மனதிலும் சிவப்புக்குப் பெயர் ஜெயசீலன்தான். என்னைவிட சீனியர், நல்ல மனுஷன், ஒரு வெள்ளிக்கிழமை இதே மாதிரி மேஜையில் எழுந்து நின்றே சொன்னார், முடியாது சார், சிவப்பு. அன்றைக்கு எல்லோரும் அவர் தைரியத்தைப் பாராட்டினார்கள். அடுத்த வாரமே அவரைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள், பிரிவு என்றால் கேன்டீன் பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி ஓர் அறை, உள்ளே அவரும் ஒரு மேஜையும். நாங்கள் சாப்பிடப் போகும்போது கண்ணாடி வழியாகத் தெரிவார், நிமிர்ந்து சிரிப்பார், நாங்கள் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு நடப்போம். ஒரு நாள் அறை காலி. கேக் கூட வெட்டவில்லை. எனக்கு நாற்பத்தாறு முடிந்துவிட்டது, இந்த வயதில் வெளியே போனால் எவர் கூப்பிடுவார், பாதிச் சம்பளத்துக்கு இரண்டு மடங்கு வேலை செய்ய முப்பது வயதுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். வீட்டில் என் கணவர் ஸ்டீபன் போன வருஷத்தோடு வேலையை விட்டாயிற்று, விட்டார் என்று நாங்கள் சொல்கிறோம், எடுத்துவிட்டார்கள். காலையில் டிபன் டப்பாவை மூடிக்கொடுக்கும்போது, "இன்னைக்கு வாயைத் தொறக்காத அமலா, சும்மா இருந்துட்டு வந்துடு" என்றார். அவருடைய ஆபீசில் அவரும் வாயைத் திறந்ததில்லை, அப்படியும் எடுத்துவிட்டார்கள், அதைச் சொல்லிக்காட்டலாமா என்று வாய்வரை வந்தது.

மஞ்சள்தான். முடிவு செய்தாயிற்று. மஞ்சள், சின்னதாக ஒரு இஷ்யூ, கவனித்துக்கொண்டிருக்கிறோம், எல்லாம் சேர்த்து மூன்று வாக்கியம், நாக்குக்குள் உருட்டிப் பார்த்துக்கொள்கிறேன். நந்தகோபால் முடிக்கப் போகிறான், கடைசிப் பக்கம். என்னைப் பார்க்கிறான். பார்த்துவிட்டுச் சிரிக்கிறான், போஸ்டரில் இருக்கிறவர்களைவிட நன்றாகச் சிரிப்பான், பல் வரிசை அப்படி. "எங்க பக்கம் முழுப் பச்சை சார். அமலா மட்டும் ரெடின்னு சொல்லிட்டாங்கன்னா ஞாயித்துக்கிழமை ஜாம்ஜாம்னு போயிடலாம். நாங்கள்லாம் அமலாவுக்காகத்தான் வெயிட்டிங்." சொல்லிவிட்டு மோதிர விரலை மடக்கிக்கொண்டான். அமலாவுக்காகத்தான் வெயிட்டிங். காப்பீட்டு அட்டைக்காரனிடம் முழுக் காசு கேட்கிற பில்லை மடியில் வைத்துக்கொண்டு இந்த நாய் எனக்காகக் காத்திருக்கிறதாம். வரதராஜன் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க அமலா." மஞ்சள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சிவப்பு சார்."

அறையில் எவரோ மூச்சுவிட்டார்கள், ஸ்ரீவித்யாவாகத்தான் இருக்கும், நீளமான, சுகமான மூச்சு. மூன்றாவது முறை காணாமல் போவதை விளக்கினேன், என் குரல் எனக்கே வகுப்பெடுக்கும் குரலாகக் கேட்டது, ரெண்டு வாரம் வேண்டும் என்றேன். வரதராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து நாம என்ன பேசினோம் அமலா?" மஞ்சள் பேசினோம் சார் என்று சொல்ல முடியுமா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நந்தகோபாலைப் பார்த்தார். "நந்தா, உங்க வேலை முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்கல்ல? உங்க டீம் சும்மாதானே இருக்கு? இன்னையிலிருந்து அமலாவோடதையும் நீங்க எடுத்துக்கங்க. அமலா கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்." ரெஸ்ட். பாத்திரம் கழுவும் சத்தம் என் காதில் கேட்டுவிட்டது. ஆனால் அதற்கும் முன்னால் நான் நந்தகோபால் முகத்தைப் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா, சிரிப்பு பாதியில் நின்று உதடு மட்டும் அப்படியே இருக்க, முகத்தில் இருந்த களை வடிந்துவிட்டது. என் வேலை போன நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், வயிறு குளிர்ந்தது. பச்சை என்றாயே, அனுபவி. முடியாது என்று சொல்ல வேண்டுமானால் என் பில்லும் முடியவில்லை என்று சொல்ல வேண்டும், சொல்லேன் பார்க்கலாம். சொல்லடா. இரண்டு சிவப்பு ஆகட்டும், உனக்கும் அந்த அறையில் ஒரு மேஜை போடச் சொல்கிறேன்.

"எடுத்துக்கறேன் சார்" என்றான். வரதராஜன் கேட்டார், ஞாயிற்றுக்கிழமை? நந்தகோபால் மோதிரத்தைத் திருகினான், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. "போயிடலாம் சார். அமலா கொஞ்சம் பெர்ஃபெக்‌ஷன் பாக்கறாங்க. பேஷண்ட் நேர்ல வந்து நின்னா நர்ஸ் கையால எழுதிக்கப் போறாங்க, இதுல என்ன இருக்கு." என் சிவப்பின் மேலேயே பச்சையைப் பூசிவிட்டான். வயிற்றில் இருந்த குளிர்ச்சி அப்படியே கெட்டியாகிவிட்டது. இவன் என்னைவிடப் பயந்தவன் என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. நான் இவ்வளவு நாள் இவனைத் திமிர் பிடித்தவன் என்று எண்ணி வெறுத்திருந்தேன், வீணாக வெறுத்திருக்கிறேன், பயந்தாங்கொள்ளி என்று தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக வெறுத்திருக்கலாம். ஸ்ரீவித்யா ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்குக் கிடைத்த ரெண்டு வாரம் கைக்கு வந்து கைவிட்டுப் போய்விட்டது.

திரையில் டாக்டர் வசுந்தரா வந்தார், கூட்டத்தின் கடைசியில் அவர் சேர்ந்துகொள்வது ஏற்பாடு, அதற்குள் நாங்கள் எங்களுக்குள் ஒரே குரலாகிவிட வேண்டும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னால் எங்கோ ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கூவியது. "எல்லாரும் எப்படி இருக்கறீங்க? ஞாயித்துக்கிழம பழசை நிறுத்திடலாங்களா? எங்க நர்ஸுப் பொண்ணுங்க எல்லாத்துக்கும் சொல்லியாச்சு." வரதராஜன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "எல்லாம் பச்சை டாக்டர். அமலா வேற முக்கியமான வேலைக்குப் போறாங்க, இனிமே நந்தகோபால் ரெண்டையும் பாத்துப்பார்." "அப்படிங்களா? அமலா மேடம், தாராபுரம் வரைக்கும் வந்து பாத்துட்டுப் போனீங்க, ரொம்ப நன்றிங்க." இந்த இடத்தில் நான் சிரிக்க வேண்டும். எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், சிரித்துவிட்டால் முடிந்தது, அந்த அறையிலாவது ஒரு மேஜை மிஞ்சும், ஸ்டீபன் டப்பாவை மூடிக்கொடுப்பார். கன்னத்தை இழுத்துப் பார்த்தேன். ஏறவில்லை. பக்கத்தில் நந்தகோபால் தாராளமாகச் சிரித்துக்கொண்டிருந்தான், என் பங்கையும் சேர்த்து.

"டாக்டர், அடுத்த வாரம் நடுவுல மாசம் மாறுது. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் மூணாவது தடவைக்கு வர்றவங்க பேரு ஒண்ணும் இருக்காது. படுக்கையை வேற ஆளுக்குக் குடுத்துடும்."

நல்ல மனதால் சொல்லவில்லை. அப்படி எவராவது பிற்பாடு சொன்னால் நம்பாதீர்கள். அவன் சிரித்ததால் சொன்னேன். வரதராஜனின் கை மேஜை நடுவில் இருந்த ஸ்பீக்கர் போனை நோக்கிப் போனது, எங்கள் சத்தத்தை நிறுத்துவதற்கு, டாக்டர் முந்திக்கொண்டார். "ஒண்ணும் இருக்காதுன்னா? எத்தன பேரு?" வாரம் மூணு தடவை வர்ற எல்லாருமே, டாக்டர், என்றேன். "எங்க சென்டருக்கு வர்றவங்கள்ல பாதிக்கு மேல அவங்கதானுங்க." அவர் குரல் மாறவில்லை, முகம்தான் திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "எல்லாம் பச்சைன்னீங்களே, வரதராஜன் சார்? சரி, மத்தவங்க சொல்லுங்க. உங்களுது நெஜமாவே முடிஞ்சுதுங்களா?" ஸ்ரீவித்யா உடனே, கேட்டு முடிப்பதற்குள், "எங்களுக்கும் ஒரு வாரம் இருந்தா நல்லா இருக்கும் டாக்டர், கொஞ்சம் ரத்த வகை வரணும்" என்றாள். அடுத்து நந்தகோபால், மூச்சுவிடாமல், "அமலாவோடது தள்ளிப்போறதால நாங்களும் காப்பீட்டுப் பக்கம் இன்னொரு தடவை செக் பண்ணிடறோம் டாக்டர்." அமலாவோடது தள்ளிப்போவதால். எவ்வளவு லாகவமாக என் முதுகில் ஏறி இறங்கினான். "பழசே ஓடட்டும். நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் எதையும் நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் திரையிலிருந்து போனார்.

கருத்த திரையில் எங்கள் நான்கு பேர் நிழல். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன், விழவில்லை. வரதராஜன் எழுந்து ஸ்ரீவித்யாவிடம் ஏதோ கேட்டார், நந்தகோபாலிடம் ஏதோ கேட்டார், புதுத் தேதிக்குத் திட்டம் போட்டு மதியத்துக்குள் அனுப்புங்கள் என்று இருவரிடமும் சொன்னார், நான் இருந்த நாற்காலிப் பக்கம் அவர் கண் வரவேயில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்ரீவித்யா கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே நடந்தாள், கதவு தாண்டியதும் அவள் நடை மாறியது, பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் நடை. நானும் எழுந்தேன். நந்தகோபால் இன்னும் போகவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், எனக்காக. பக்கத்தில் போனபோது அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, நடிப்பு எனக்குத் தெரியும். "தேங்க்ஸ் அமலா" என்றான், தாழ்ந்த குரலில். "உயிரே வந்துச்சு. ஒரு வாரமா தூங்கலை தெரியுமா?"

மற்ற எல்லாவற்றையும் என்னால் தாங்கியிருக்க முடியும். அவன் அதை மனதாரச் சொன்னான்.